டோக்கியோவில் பழசு எதுவும் இல்லையா?

அக்டோபர் 9

இந்தக் குழுவில் ஒருவர் கேட்டது: "நவம்பர் கடைசியில் அம்மா அப்பாவோடு ஜப்பான் போகிறேன். டோக்கியோ வெறும் கட்டடக் காடு, பழசு என்று ஒன்றுமே கிடையாது, இறங்கியதும் க்யோட்டோ ரயில் ஏறிவிடு என்றே எல்லோரும் சொல்கிறார்கள். ஷிபுயா சாலைச் சந்திப்பையும் ஸ்கைட்ரீ கோபுரத்தையும் மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாமா?"

அக்டோபர் 9, இரவு

அவசரப்பட்டு டிக்கெட் போட்டுவிடாதீர்கள் தம்பி. வேலைக்காக டோக்கியோவில்தான் குடியிருக்கிறேன், கிழக்கே நிஷி-காசாயில். சனி, ஞாயிறு என்றால் ஏதாவது ஒரு பேட்டையில் சுற்றிக்கொண்டிருப்பேன். இந்த ஊரில் பழசு இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்காது.

அதில் பாதி உண்மை இருக்கிறது. 1657-இல், ஊருக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில், மெய்ரெகி பெருந்தீ. 1923 செப்டம்பர் 1-இல் நிலநடுக்கம், பின்னாலேயே தீ. 1945 மார்ச் 10 விடிவதற்கு முன் அமெரிக்க விமானங்கள் போட்ட தீக்குண்டுகள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் செத்ததாகக் கணக்கு. மரத்தால் கட்டிய ஊர், எரிந்தது. அதனால் க்யோட்டோ மாதிரித் தெருத்தெருவாகப் பழைய வீடுகள் கண்ணில் படாது. ஆனால் எரிந்த இடத்திலேயே அதே கோயிலைத் திரும்பக் கட்டி, அதே தேதியில் அதே திருவிழாவை எடுத்து வந்திருக்கிறார்கள். போன வருடம் சுண்ணாம்பு அடித்த கோபுரத்தைப் புதுக்கோயில் என்று நாம் சொல்வோமா? இங்கேயும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

எங்கே போவது என்று ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

அக்டோபர் 10

முதலில் அசகுசா சென்சோஜி. "1400 வருடப் பழைய கோயில்" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். தலம் பழையதுதான். 628-இல் சுமிதா ஆற்றில் மீன்பிடித்த அண்ணன் தம்பி வலையில் கன்னோன் (கருணை வடிவான போதிசத்துவர்) சிலை சிக்கியது என்பது தலபுராணம். ஆனால் இப்போது நாம் கும்பிடும் பிரதான மண்டபம் 1958-இல் எழுந்த கான்கிரீட் கட்டடம், கூரை ஓடுகள் டைட்டானியம். பழையது 1945 மார்ச்சில் எரிந்துபோனது. வாசலில் பெரிய சிவப்பு லாந்தர் தொங்கும் காமினாரிமோன் 1960-இல் வந்தது. பானசோனிக்கைத் தொடங்கிய மட்சுஷிதா கொனோசுகே காணிக்கையாகக் கட்டிக்கொடுத்தது அது.

அப்படியானால் அங்கே பழசு எங்கே? மண்டபத்துக்குக் கிழக்குப் பக்கமாகப் போனால் நிதென்மோன் என்று ஒரு சின்ன வாசல் இருக்கிறது. 1600-களில் கட்டியது, குண்டுவீச்சில் தப்பியது. எல்லோரும் காமினாரிமோன் வழியாகவே வந்து போவதால் அங்கே கூட்டம் இருக்காது. வளாகத்திலேயே ஒரு கிங்கோ மரமும் நிற்கிறது. கிட்டே போய் அடிமரத்தைப் பாருங்கள். உள்பக்கம் கரியாகிக் கிடக்கும். அந்த ராத்திரி வெந்த மரம், இன்றைக்கும் இலை விடுகிறது. நீங்கள் வரும் நாளில் மஞ்சளாகி இருக்கும்.

காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். நகாமிசே தெருவில் கடை திறந்திருக்காது, ஆனால் இழுத்துவிட்ட ஷட்டர்களில் எல்லாம் பழைய அசகுசா வாழ்க்கையை ஓவியமாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். பத்து மணிக்குப் போனால் அந்த ஓவியம் ஒன்றையும் பார்க்க முடியாது.

அக்டோபர் 10, மாலை

ஸ்கைட்ரீ கேட்டீர்களே. 634 மீட்டர், 2012-இல் திறந்தது, பணம் இருந்தால் ஏறுங்கள். உயரத்திலிருந்து ஊரைப் பார்த்தால் போதும் என்றால் ஷின்ஜுகுவில் மாநகர அரசின் இரட்டைக் கோபுரம் இருக்கிறது. கென்ஸோ தாங்கே வடிவமைத்தது. 45-ஆவது மாடிக்கு லிஃப்டில் இலவசமாகவே ஏற்றிவிடுகிறார்கள், 202 மீட்டர். நவம்பர் கடைசியில் வானம் தெளிவாக இருக்கும் காலையில் மேற்கே ஃபூஜி மலை தெரியும்.

அக்டோபர் 11

இன்றைக்கு எழுதப்போகும் இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. சென்சோஜியிலிருந்து ஆற்றோரமாக வடக்கே பத்து நிமிட நடையில் மட்சுசியாமா ஷோதென். சின்னக் குன்றின் மேல் கோயில். அங்கே இருப்பது காங்கிதென். யானைத்தலைச் சாமி, நம்ம பிள்ளையார்தான்; பௌத்தத்தோடு சீனா வழியாக இங்கே வந்து சேர்ந்தவர். ஜப்பானில் பெரும்பாலும் இரண்டு யானைத்தலை உருவங்கள் தழுவி நிற்கும் கோலத்தில் வடிப்பார்கள். மூலவரை யாருக்கும் காட்டுவதில்லை, எப்போதும் திரைக்குப் பின்னால்தான்.

இவருக்குப் படையல் முள்ளங்கி. கைத்தடிக்கு நீளமாக, வெள்ளை வெளேரென்று இருக்கும் டைகோன் முள்ளங்கி. கோயில் வாசலிலேயே விற்கிறார்கள். வாங்கிக்கொண்டு உள்ளே போனால் சன்னதி முன் முள்ளங்கிகள் அடுக்கடுக்காக இருக்கும். பின்னிய இரட்டை முள்ளங்கியும் சுருக்குப்பையும் இந்தக் கோயிலின் சின்னங்கள். படிக்கட்டில், விளக்கில், கல்லில், எங்கே பார்த்தாலும் அவை செதுக்கியிருக்கும். முள்ளங்கி உடல்நலத்துக்கும் குடும்ப ஒற்றுமைக்கும், சுருக்குப்பை வியாபாரத்துக்கும் என்பார்கள். படைத்து இறக்கிய முள்ளங்கியைக் கும்பிட வந்தவர்கள் எடுத்துப்போகலாம், எடுத்துப்போய்ச் சமைப்பார்கள். ஜனவரி 7-ஆம் தேதி முள்ளங்கித் திருவிழாவே நடக்கிறது.

மண்டபம் இங்கேயும் போருக்குப் பின் கட்டியதுதான். ஆனால் குன்றின் அடிவாரத்தில் எடோ காலத்து மண்சுவர் ஒரு துண்டு மிஞ்சியிருக்கிறது. அப்பா அம்மாவுக்குப் படி ஏற முடியாதென்றால் கவலை வேண்டாம், சரிவில் ஏறும் குட்டி வண்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் வரும்.

அக்டோபர் 13

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சுற்றுலா வருபவர்களிடம் சாவு பற்றிப் பேசுவது சரியா என்று. ஆனால் இதைப் பார்க்காமல் டோக்கியோ ஏன் இப்படி இருக்கிறது என்பது புரியாது.

ரியோகோகு ஸ்டேஷனில் இறங்கினால் எல்லோரும் சுமோ அரங்கத்தைத்தான் பார்ப்பார்கள். (நவம்பரில் சுமோ இங்கே இல்லை, ஃபுகுவோகாவில். டோக்கியோவில் ஜனவரி, மே, செப்டம்பர்தான்.) அரங்கத்தைத் தாண்டி வடக்கே போனால் யோகோஅமிசோ பூங்கா. 1923-இல் இது ராணுவத் துணிக்கிடங்கு காலி செய்துவிட்டுப் போன வெறும் மைதானம். நிலநடுக்கத்துக்குத் தப்பியவர்கள் பாய், படுக்கை, அலமாரி என்று தூக்க முடிந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு இங்கே வந்து கூடினார்கள். சாயங்காலம் நெருப்புச் சுழல்காற்றாக வந்து மூடிவிட்டது. கொண்டுவந்த சாமான்களே விறகாயின. இந்த ஒரு மைதானத்தில் மட்டும் ஏறக்குறைய 38,000 பேர்.

அந்த இடத்தில் 1930-இல் நினைவு மண்டபம் கட்டினார்கள். பதினைந்து வருடத்தில் 1945 வந்தது. அந்தச் சாம்பலையும் இங்கேயே சேர்த்து வைத்தார்கள். இப்போது இரண்டும் சேர்ந்து சுமார் 1,63,000 பேருடைய அஸ்தி பின்பக்க மூன்றடுக்குக் கோபுரத்தில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகம், இலவசம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஆணிகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடப்பதைப் பார்த்தேன். ஆணி உருகும் சூட்டில் மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். 1923-இல் வதந்தியை நம்பிக் கும்பல்கள் கொன்ற கொரியர்களுக்கும் பூங்காவில் ஒரு நினைவுக்கல் உண்டு. அதையும் பார்க்காமல் வராதீர்கள்.

அக்டோபர் 13, இரவு

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். மண்டபத்தை வடிவமைத்தவர் இதோ சூதா. இந்தியாவெல்லாம் சுற்றிப் பழைய கட்டடங்களைப் படித்தவர். அவருடைய இன்னொரு கட்டடம் ட்சுகிஜி ஹொங்கான்ஜி, 1934. வெளியே நின்றால் ஜப்பானியக் கோயில் என்றே சொல்ல முடியாது, நம்மூர் பௌத்தக் குகைக்கோயில் முகப்பு மாதிரி வளைந்த நெற்றி. உள்ளே படிக்கட்டுக் கைப்பிடிகளில் யானை, குரங்கு, மயில் என்று குட்டிக் குட்டிச் சிற்பங்கள். குழந்தைகளோடு போனால் அதைத் தேடுவதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். மொத்த மீன் சந்தை 2018-இல் தொயோசுவுக்கு மாறிவிட்டாலும் வெளிச்சந்தைத் தெருக்கள் ட்சுகிஜியில்தான் இருக்கின்றன, நடந்தே போகலாம்.

அக்டோபர் 15

சாப்பாடு பற்றிக் கேட்ட அக்காவுக்கு: வீட்டில் சுத்த சைவம் என்றால் ஜாக்கிரதை. கறி இல்லை என்று சொன்னால் மீன் போடுவார்கள். மீனும் வேண்டாம் என்றால் மீன் துண்டு இருக்காது, ஆனால் கொதிக்கும் சாறே காய்ந்த மீன் சீவலில் எடுத்ததாக இருக்கும். டாஷி என்று பெயர். சோபா, உதோன் என்ற நூடுல்ஸ் வகைகள், மிசோ சூப், வேகவைத்த காய், எல்லாவற்றிலும் அது இருக்கும். "கட்சுவோ (சூரை மீன்) டாஷியும் வேண்டாம்" என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் நீட்டுங்கள். நேர்மையாக முடியும், முடியாது என்று சொல்லிவிடுவார்கள். பௌத்தத் துறவிகள் சாப்பிடும் ஷோஜின் ரியோரி சைவம்தான், விலை கூடுதல், பெரும்பாலும் முன்பதிவு வேண்டும்.

தோசை, சாதம் இல்லாமல் பெரியவர்களுக்கு முடியாது என்றால் தென்னிந்தியச் சாப்பாட்டுக் கடைகள் ஊரில் பல இருக்கின்றன. எங்கள் நிஷி-காசாய் பக்கம் இந்தியக் குடும்பங்கள் நிறைய, மளிகைக் கடையும் உண்டு. பருப்புப்பொடி, ஊறுகாய் கொஞ்சம் கொண்டுவாருங்கள். ரெடிமேட் வெள்ளைச் சாதம் டப்பா எந்தக் கடையிலும் கிடைக்கும், கடையிலேயே சூடு பண்ணிக்கொள்ளலாம்.

அக்டோபர் 18

இன்று ஸோஷிகாயாவில் ஓயேஷிகி கடைசி நாள். ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 16, 17, 18. போய்விட்டு இப்போதுதான் வந்தேன், காதில் இன்னும் மேளம் அடிக்கிறது.

1282-இல் மறைந்த நிசிரென் என்ற துறவியின் நினைவுத் திருவிழா இது. அவர் மறைந்தபோது பருவம் தப்பிச் செர்ரி பூத்தது என்பது நம்பிக்கை. அதனால் மூங்கில் கீற்றுகளில் வெள்ளைக் காகிதப்பூ ஒட்டி, குடை மாதிரி நாலாபக்கமும் தொங்கவிட்டு, நடுவில் விளக்கு வைத்துத் தூக்கி வருகிறார்கள். பின்னால் கைவிசிறி வடிவத்தில் தோல் கட்டிய சின்ன மேளங்கள். ஒரு குச்சியால் தட்டிக்கொண்டே நடக்கிறார்கள், பல்லுப்போன தாத்தாவிலிருந்து தோளில் உட்கார்ந்த குழந்தை வரை. கடைசி நாள் இகேபுகுரோவின் பெரிய சாலையிலேயே ஊர்வலம் வருகிறது, எலெக்ட்ரானிக்ஸ் கடை விளம்பர விளக்குகளுக்குக் கீழே. பழசு இல்லாத ஊர் என்று சொல்பவர்களை இந்த ராத்திரி அங்கே நிறுத்த வேண்டும்.

உங்களுக்கு ஓயேஷிகி கிடைக்காது, ஆனால் கோயில் கிடைக்கும். கிஷிமோஜின் சன்னதி 1664-இல் கட்டியது. ஹிரோஷிமா பிரபுவின் மனைவி செலவில் எழுந்த மர மண்டபம், நிலநடுக்கம், குண்டு இரண்டுக்கும் தப்பி அப்படியே நிற்கிறது. அந்த அம்மன் வேறு யாருமில்லை, ஹாரீதி. ஊரார் குழந்தைகளைப் பிடித்துத் தின்ற யட்சி. புத்தர் அவளுடைய கடைக்குட்டியை ஒளித்துவைக்க, பதறித் தேடியலைந்து, பிறகு எல்லாக் குழந்தைகளுக்கும் காவலாக மாறியவள். பிரசவத்துக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டிக்கொள்ள இன்றும் வருகிறார்கள். வளாகத்துக்குள்ளேயே 1781-இல் தொடங்கிய மிட்டாய்க்கடை. தட்டுத்தட்டாகச் சின்ன மிட்டாய், பத்து இருபது யென்னில் தொடங்கும். 600 வயது தாண்டிய கிங்கோ மரம் ஒன்று. நவம்பர் கடைசியில் கிங்கோ பார்க்க எல்லோரும் ஜிங்கு கையென் சாலைக்குப் போய் நெரிசலில் நிற்பார்கள். நீங்கள் இங்கே வாருங்கள்.

அக்டோபர் 18, பின்னிரவு

எப்படிப் போவது என்று எழுத விட்டுப்போச்சு. டிராமில் போங்கள். ஒரு காலத்தில் ஊர் முழுக்க ஓடிய மாநகர டிராம்களில் 1972-க்குப் பிறகு மிஞ்சியது இந்த ஒரே பாதைதான், மினோவாபாஷியிலிருந்து வாசெதா வரை 12.2 கிலோமீட்டர். ஒற்றைப் பெட்டி. வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு போகும், காயப்போட்ட துணியும் தொட்டிச் செடியும் கைக்கெட்டும் தூரத்தில். ஒரு நாள் பாஸ் வாங்கிக்கொண்டால் நினைத்த இடத்தில் இறங்கி ஏறலாம். கோஷின்ஸுகாவில் இறங்கினால் சுகாமோ கடைத்தெரு. முழுக்க முழுக்கப் பாட்டிமார்களுக்கான தெரு. கோகான்ஜி கோயிலில் ஒரு கல் கன்னோன். உங்களுக்கு எங்கே வலியோ சிலையின் அந்த இடத்தைத் துணியால் நனைத்துத் துடைக்க வேண்டும். அம்மாவுக்கு மூட்டுவலி என்று எழுதியிருந்தீர்கள், கட்டாயம் அழைத்துப் போங்கள்.

அக்டோபர் 19

"அப்போ எல்லாம் நம்ம சாமிதான், அவர்கள் காப்பியடித்தவர்கள்" என்று ஒருவர் எழுதியதைப் பார்த்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளையாரை நம்ம பிள்ளையார் என்று நானும் சொன்னேன், பாசத்தில். ஆனால் ஆயிரம் வருடத்துக்கும் மேலாக இவர்கள் வீட்டில் வளர்ந்த சாமி. முள்ளங்கி இவர்கள் கொடுத்தது.

உவேனோ ஷினோபாசு குளத்து நடுவில் பென்சைதென் கோயில் இருக்கிறது. மூலம் நம்ம சரஸ்வதி, கையில் வீணைக்குப் பதில் பிவா என்ற ஜப்பானிய நரம்பிசைக் கருவி, தண்ணீர் சூழ்ந்த இடத்தில்தான் குடியிருப்பாள். சன்னதியைச் சுற்றி நிற்கும் கற்களைப் பாருங்கள். தாங்கள் அறுத்த ஃபுகு மீனுக்கு மீன்காரர்கள் வைத்த கல் ஒன்று. சமையல்காரர்கள் தேய்ந்துபோன கத்திகளுக்கு வைத்தது ஒன்று. மூக்குக்கண்ணாடிக்கு ஒன்று, ஆமைக்கு ஒன்று. தன் பிழைப்புக்கு உதவிய பொருளுக்கும் உயிருக்கும் சரஸ்வதி காலடியில் நன்றி சொல்லிக் கல் நட்டிருக்கிறார்கள். நமக்கு ஆயுத பூஜை தெரியும் என்பதால் இது சட்டென்று புரியும், ஆனால் இது இவர்களுடையது.

அக்டோபர் 21

நேதாஜி பற்றி யாரோ கேட்டிருந்தீர்கள். மருநோஉசி மெட்ரோ ரயில் பாதையில் ஹிகாஷி-கோயென்ஜி ஸ்டேஷன், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் குடியிருப்புத் தெருக்களுக்கு நடுவில் ரென்கோஜி. 1945 செப்டம்பரில் சுபாஷ் சந்திர போஸின் அஸ்தி என்று ஒப்படைக்கப்பட்டதை அன்றிலிருந்து பாதுகாத்து வருகிறார்கள். அது அவருடையதுதானா என்ற சர்ச்சை நம் நாட்டில் ஓயவில்லை. நேரு 1957-இல் வந்து போயிருக்கிறார். முற்றத்தில் மார்பளவுச் சிலை இருக்கிறது. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து திரும்பி வராத தமிழர்கள் எத்தனை ஆயிரம். அந்தக் குடும்பங்களிலிருந்து யாராவது டோக்கியோ வந்தால் இங்கே வராமல் போகக் கூடாது என்பது என் ஆசை.

இன்னொரு போஸ், ராஷ் பிஹாரி போஸ். 1915-இல் பிரிட்டிஷாருக்குத் தப்பி ஜப்பான் வந்தவர். ஷின்ஜுகுவில் நகாமுராயா ரொட்டிக்கடைக் குடும்பம் ஒளித்துவைத்துக் காப்பாற்றியது, பிறகு மகளையும் கொடுத்தது. 1927-இல் அந்தக் கடை விற்கத் தொடங்கிய இந்தியக் கோழிக்குழம்பு அவர் சொல்லிக்கொடுத்தது. இன்றும் பரிமாறுகிறார்கள்.

அக்டோபர் 22

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது, எது என்று கேட்டால்? முந்தாநாள் வரை மட்சுசியாமா என்றிருப்பேன். இன்று யோசித்தால் எடோ கோட்டையின் அடித்தளம் என்று தோன்றுகிறது. அரண்மனை கிழக்குத் தோட்டம், ஓதெமோன் வாசல் வழியாக, இலவசம். உள்ளே கடைசியில் ஒரு பெரிய கருங்கல் மேடை, மேலே ஒன்றுமே இல்லை. 1657 தீயில் எரிந்த கோபுரத்துக்குப் பதிலாகப் புதியது கட்ட மேடையைத் தயார் செய்தார்கள். அப்புறம் ஊரை மீட்பதுதான் முக்கியம் என்று கோபுரத்தைக் கட்டாமலே விட்டுவிட்டார்கள். நாட்டை ஆண்ட குடும்பம் தன் கோட்டைக்கு உச்சி இல்லாமலே இன்னும் இருநூறு வருடம் ஆண்டது. அந்த மேடை மேல் ஏறி நின்று சுற்றிவர மருநோஉசி பேட்டையின் அலுவலகக் கோபுரங்களைப் பாருங்கள். எனக்கு டோக்கியோ பிடிபட்டது அங்கேதான்.

அக்டோபர் 24

நடந்தே பாருங்கள் என்று நான் அடுக்கிக்கொண்டே போவது பெரியவர்களோடு வருபவர்களுக்கு ஒத்துவராது என்று வீட்டில் சொன்னார்கள். நியாயம்தான். ஒரு நாளைக்கு ஒரு பேட்டை, அவ்வளவுதான். அசகுசா என்றால் அன்றைக்கு முழுக்க ஆற்றோரம். உவேனோ என்றால் குளம், அப்புறம் நெஸு, யானகா. நெஸு சன்னதி 1706-இல் கட்டியது, யானகா தெருக்கள் குண்டுக்குப் பெரும்பாலும் தப்பியவை, மெதுவாக நடக்க ஏற்ற இடம்.

ஷின்ஜுகு ஸ்டேஷனைப் பெரியவர்களோடு மாறும் இடமாக வைத்துக்கொள்ளாதீர்கள். 200-க்கும் மேல் வாசல்கள், தவறான வாசலில் ஏறினால் அரை மணி நேர நடை. லிஃப்ட் எல்லா வாசலிலும் இருக்காது, எந்த வாசலில் என்று முந்தின நாளே பார்த்து வையுங்கள். காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை ரயிலே வேண்டாம். சும்மா உட்கார்ந்து ஊர் பார்க்க வேண்டுமா, பகல் பதினொரு மணிக்கு யாமனோதே வட்டப்பாதையில் ஏறுங்கள். 30 ஸ்டேஷன், ஒரு மணி நேரத்தில் ஏறின இடத்துக்கே கொண்டுவந்து விடும்.

அக்டோபர் 27

ஐந்து நாள் டோக்கியோவுக்கு ஒதுக்கிவிட்டதாகத் தம்பி எழுதியிருக்கிறார். சந்தோஷம்.

இங்கே பழைய நாட்காட்டியில் 'சேவல் நாள்' என்று ஒன்று உண்டு, அது எப்போது என்று பாருங்கள். நவம்பரில் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை வரும், சில வருடம் இரண்டு, சில வருடம் மூன்று. அன்று அசகுசா ஓதோரி சன்னதியில் தோரி நோ இசி திருவிழா. பொன்னை வாரிக்கொண்டு வரட்டும் என்று அலங்கரித்த மூங்கில் வாருகோல் விற்பார்கள். யாராவது பெரிதாக ஒன்று வாங்கினால் கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து தாளம் போட்டுக் கைதட்டுவார்கள். மூன்று சேவல் நாள் வரும் வருடம் தீ அதிகம் என்று இங்கே ஒரு பழைய நம்பிக்கை உண்டு. இந்த ஊருக்கு அந்தப் பயம் இருக்காதா?

கிழக்குத் தோட்டம் திங்கள், வெள்ளி விடுமுறை. கோயில்கள் பெரும்பாலும் நாலரை, ஐந்துக்குள் நடை சாத்திவிடும். நவம்பர் கடைசியில் நாலரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், அதனால் கோயிலைக் காலையில் வைத்துக்கொண்டு, கடைத்தெருவையும் உயரமான கட்டடத்தையும் சாயங்காலத்துக்குத் தள்ளுங்கள். பெரியவர்களுக்கு ஸ்வெட்டர் போதாது, காற்று தடுக்கும் மேல்சட்டை ஒன்று வேண்டும்.